டிராக்டரிலே ஒரு சிவப்புச் சிலிண்டர்

(பண்ணை வானொலி உரை)



டிராக்டருக்கு டீசல் போடுகிறோம், ஆயில் மாற்றுகிறோம், ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறோம். ‘சரிங்க, வண்டி தீப்பிடிச்சா அணைக்க என்ன வச்சிருக்கீங்க?’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ‘தண்ணி இருக்குதுங்க, மண்ணு இருக்குதுங்க’ என்று சொல்லுவார்கள். தண்ணீரும் மண்ணும் நல்லவைதான். ஆனால் எல்லாத் தீக்கும் தண்ணீர் ஆகாது. மண்ணை அள்ளி வருவதற்குள் வண்டி கரிக்கட்டையாகி நிற்கும்.

ஊரிலே தீப்பிடித்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். தீயணைப்பு வண்டியும் ரோட்டோடு வந்து சேரும். நம்ம டிராக்டரும், அறுவடை மிஷினும், மலைத்தோட்டத்து ஜீப்பும் ரோட்டிலேயா நிற்கின்றன? வரப்பு தாண்டி, வாய்க்கால் தாண்டி நடுவயலில் நிற்கின்றன. அங்கே தீயணைப்பு வண்டி வருவதற்கு வழியும் இருக்காது, நேரமும் இருக்காது. முதல் இரண்டு நிமிஷத்தில் நம் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் கதி. அதனாலே வயலுக்குள் போகிற வண்டியில் வைத்துக்கொள்ள எந்த மாதிரித் தீயணைப்பான் வாங்குவது, எவ்வளவு பெரிசு, எங்கே மாட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

தீ எங்கே பிடிக்கிறது?

மருந்து வாங்குவதற்கு முன்னால் நோய் தெரிய வேண்டும் இல்லீங்களா? நம்ம வண்டிகளில் தீ மூன்று வகையாக வருகிறது.

முதலாவது, தூசியும் வைக்கோல் துணுக்கும். அறுவடை மிஷின் ஓடுகிறபோது சருகும் சுணையும் பறந்து இன்ஜின் மேலே, சைலன்சர் குழாய் மேலே, டர்போ பக்கத்தில் படிந்துவிடும். அந்தப் பகுதி பல நூறு டிகிரி சூடேறும். காய்ந்த சுணை முதலில் கருகும், பிறகு கனலும், காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். தேய்ந்த பேரிங் சூடாகி, அதில் சுற்றிய வைக்கோல் பற்றுவதும் உண்டு. வைக்கோல் கட்டுகிற மிஷினில் இது சகஜம்.

இரண்டாவது, எண்ணெய். டீசல் குழாய் வெடித்திருக்கும், ஹைட்ராலிக் ஹோஸ் கசியும். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். வாளியில் இருக்கிற டீசல் சீக்கிரம் பற்றாதுதான். அதே டீசல் ஊசிமுனை ஓட்டை வழியாகப் புகைமாதிரி பீச்சி, சூடான குழாய்மேல் பட்டால் நொடியில் பற்றும். ஹைட்ராலிக் எண்ணெயும் அப்படியே.

மூன்றாவது, மின்சார ஒயர். பேட்டரி முனை லூசாக இருந்தால் பொறி பறக்கும். எலி கடித்த ஒயர், இரும்பில் உராய்ந்து தோல் உரிந்த ஒயர் இவையும் ஆபத்து. டிராக்டரிலும் ஜீப்பிலும் நாமே கூடுதலாக விளக்கும் பாட்டுப்பெட்டியும் மாட்டி, நேரே பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் ஒயர் இழுக்கிறோம் பாருங்க, அதுதான் பெரிய எமன்.

ஆக, ஒரே வண்டியில் வைக்கோல் தீயும் வரும், எண்ணெய்த் தீயும் வரும், மின்சாரத் தீயும் வரும். பல சமயம் ஒன்று பற்றி மற்றதையும் இழுத்துவிடும். இந்த மூன்றையும் சமாளிக்கிற கருவிதான் நமக்கு வேண்டும்.

ஏ, பி, சி என்றால் என்ன?

தீயணைப்பான்மேல் ஆங்கில எழுத்துக்கள் போட்டிருக்கும். பயந்துவிட வேண்டாம். ஏ என்றால் கட்டை, வைக்கோல், துணி, காகிதம் போன்ற திடப்பொருள் தீ. இவை எரிந்தபின் கனலாக நிற்கும். பி என்றால் டீசல், பெட்ரோல், ஆயில் போன்ற திரவத் தீ. சி என்றால், நம் இந்திய முறைப்படி, சமையல் கேஸ் போன்ற வாயுத் தீ. அமெரிக்க முறையில் சி என்பது மின்சாரத் தீயைக் குறிக்கும். அதனாலே வெளிநாட்டுச் சரக்கு வாங்கினால் எழுத்தை மட்டும் பார்க்காமல், மின்சாரக் கருவிமேல் அடிக்கலாமா என்று லேபிளில் எழுதியிருப்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

இனிக் கடையிலே கிடைக்கிற வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர் வகை: ஒன்பது லிட்டர் தண்ணீரைக் காற்றழுத்தத்தோடு அடைத்திருக்கும். வைக்கோல் தீக்கு இதைவிட நல்லது கிடையாது. தண்ணீர் உள்ளே இறங்கிக் கனலைக் குளிர்விக்கும். ஆனால் எரிகிற டீசல்மேல் அடித்தால், எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதந்து தீயைப் பரப்பிவிடும். மின்சாரம் ஓடுகிற இடத்தில் அடித்தால் அடிப்பவருக்கே ஷாக் அடிக்கும்.

நுரை வகை: வைக்கோலுக்கும் ஆகும், எண்ணெய்க்கும் ஆகும். எண்ணெயின் மேலே போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். ஆனால் இதிலும் தண்ணீர்தான் பெரும்பகுதி. மின்சாரத் தீக்கு ஆகாது. பீச்சி அடிக்கிற எண்ணெய்த் தீக்கும் இது சரிப்படாது.

கரியமில வாயு வகை: நுனியில் கறுப்புக் கூம்பு வைத்திருக்கும். பேங்கிலும் கம்ப்யூட்டர் அறையிலும் பார்த்திருப்பீர்கள். அடித்தபின் தூசி, பிசுக்கு எதுவும் இருக்காது என்பது இதன் பெருமை. அறைக்குள் நன்றாக வேலை செய்யும். திறந்த வயலில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வைக்கோல் தீ அணைந்த மாதிரி இருந்து, வாயு கலைந்ததும் மறுபடி பற்றும். சிலிண்டரும் நல்ல கனம். கூம்பை வெறுங்கையால் பிடித்தால் குளிரில் தோல் வெந்துபோகும். வயல் வண்டிக்கு இதை முதல் கருவியாக நான் சொல்லமாட்டேன்.

சோடா உப்புப் பொடி வகை: பி.சி. பொடி என்பார்கள். எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் நன்றாகக் கேட்கும். வைக்கோல் கனலுக்குக் கேட்காது. சுவாலை போய்விடும், உள்ளே நெருப்பு இருக்கும்.

ஏ.பி.சி. பொடி வகை: இதுதான் நமக்கு வேண்டியது. இதில் இருக்கிற முக்கியச் சரக்கு உங்களுக்குப் பழக்கமானதுதான். டி.ஏ.பி. உரம் தெரியும். சொட்டுநீரில் விடுகிற 12-61-0 என்கிற எம்.ஏ.பி. உரமும் தெரியும். அந்த மோனோ அம்மோனியம் பாஸ்பேட்தான் இதிலும் முக்கியச் சரக்கு. மாவு மாதிரி அரைத்து, ஈரம் பிடிக்காமல் இருக்கப் பக்குவம் செய்து அடைத்திருப்பார்கள். தீயில் பட்டதும் இது உருகி, எரிகிற பொருள்மேல் பாகு மாதிரி படிந்து, காற்றை மறித்துவிடும். சுவாலையில் நடக்கிற வேதியியல் வேலையையும் முறித்துவிடும். அதனாலே வைக்கோல், எண்ணெய், மின்சாரம் மூன்றுக்கும் ஓரளவு சமாளிக்கும். அதற்காக மூட்டையிலிருக்கிற உரத்தை அள்ளித் தீயில் கொட்டிவிடாதீர்கள். அது வேலைக்கு ஆகாது, பணமும் போகும்.

இதற்கும் குறை உண்டு. பொடி மேலோட்டமாகத்தான் படியும். கனமாகக் குவிந்த வைக்கோலுக்குள் இறங்காது. அதனாலே பொடி அடித்து அணைத்த பிறகு கிளறித் தண்ணீர் ஊற்றியே தீர வேண்டும்.

எவ்வளவு பெரிசு வாங்குவது?

இங்கேதான் பலபேர் ஏமாறுகிறார்கள். காரில் வைக்கிற அரைக்கிலோ ஸ்பிரே டப்பா விலை மலிவு என்று வாங்கி, டூல்பாக்சில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அது பேப்பர் குப்பையை அணைக்கும், அவ்வளவுதான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், மனசில் வைத்துக்குங்க. ஒரு கிலோ சிலிண்டரை அழுத்தினால் பத்து வினாடிக்குள் காலி. ஆறு கிலோ சிலிண்டர்கூடக் கால் நிமிஷத்தைச் சுற்றித்தான் வரும். தெளிப்பான் மாதிரி அரைமணி நேரம் அடிக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் இரண்டு வினாடி பதற்றத்தில் வேறெங்கோ போய்விடும். மிச்சம் இருப்பதுதான் தீக்கு.

டிராக்டருக்கு 2 கிலோ ஏ.பி.சி. என்பது குறைந்தபட்சம். 4 கிலோ இருந்தால் நல்லது. மலைப்பாதை ஜீப்புக்கு 2 கிலோ போதும். ஆனால் கேனில் பெட்ரோல், டீசல் ஏற்றிப் போகிறவர்கள் 4 கிலோ வைத்துக்கொள்ள வேண்டும். போடி, கம்பம் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் என்றால், டிரைவர் ஒருத்தர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் பத்தாது. முன்சீட்டில் உட்கார்கிறவருக்கும் அதை எடுக்கத் தெரிய வேண்டும்.

அறுவடை மிஷினுக்கு 6 கிலோ ஒன்று, அல்லது 4 கிலோ இரண்டு. இரண்டாக வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஒன்றை டிரைவர் பக்கத்திலும், ஒன்றைத் தரையில் நிற்கிறவருக்கு எட்டுகிற மாதிரி ஏணிப்பக்கத்திலும் மாட்டலாம். இதோடு ஒன்பது லிட்டர் தண்ணீர் வகை ஒன்றும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையினர் அறுவடை மிஷின்காரர்களுக்குச் சொல்வதும் இதே மாதிரிதான். சுமார் நாலரைக் கிலோ ஏ.பி.சி. பொடி ஒன்று, ஒன்பது லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தண்ணீர் வகை ஒன்று, ஆக இரண்டு. இயந்திரத் தீக்குப் பொடி, வைக்கோல் தீக்குத் தண்ணீர்.

‘அதுக்கும் ஒண்ணு வாங்கணுமாங்க?’ என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் வகை வாங்க முடியாதவர்கள் கைவசம் இருக்கிற முதுகுத் தெளிப்பானை நன்றாக மூன்று தரம் கழுவி, சுத்தமான தண்ணீர் நிரப்பி, அறுவடை நடக்கிற வயல் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு லிட்டர் தண்ணீர் தயாராக இருக்கும். தாளில் ஓடுகிற சின்னத் தீயை அடக்க அது பெரிய உதவி. மருந்து மிச்சம் இருக்கிற தெளிப்பானை எடுக்கக் கூடாது. டீசல் தீ, மின்சாரத் தீ பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

பெரிசாக வாங்கினால் நல்லதுதானே என்று ஒன்பது கிலோ வாங்குவதும் சரியில்லை. 6 கிலோ பொடி உள்ள சிலிண்டர், ஓட்டோடு சேர்த்து மொத்தம் பத்து கிலோவை நெருங்கும். அதற்கு மேலே போனால் பதற்றத்தில் தூக்கி ஓடுவது கஷ்டம். யார் தூக்கப்போகிறார்களோ அவர் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் இருக்க வேண்டும். இது கையில் எடுத்துச் செல்கிற தீயணைப்பான்களுக்கான இந்தியத் தர எண். முத்திரை இல்லாத சிலிண்டரை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டு, ஏ என்ற எழுத்துக்கும் பி என்ற எழுத்துக்கும் முன்னால் ஒரு எண் போட்டிருக்கும். எண் பெரிசானால் அணைக்கிற சக்தி பெரிசு. ஒரே எடையுள்ள இரண்டு சிலிண்டரில் எதற்கு எண் அதிகமோ அது மேல். பொடியின் தரத்தில் வித்தியாசம் இருப்பதால் இந்த எண்ணும் மாறும்.

மூன்று, அழுத்தம் காட்டுகிற சின்ன மீட்டர். முள் பச்சையில் நிற்க வேண்டும். சிவப்பில் இருந்தால் வேண்டாம். உள்ளேயே காற்று அடைத்த வகைக்குத்தான் இந்த மீட்டர் இருக்கும். வாயுக் குப்பியைத் தனியாக வைத்து, குத்தியபின் அடிக்கிற வகையும் உண்டு. அதில் மீட்டர் இருக்காது. நம்ம உபயோகத்துக்கு மீட்டர் உள்ளது வசதி, ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

நான்கு, மேலே இருக்கிற வால்வும் கைப்பிடியும் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தலை வீட்டுச் சுவருக்குச் சரி. வரப்பில் ஏறி இறங்குகிற வண்டியில் அது வெடிப்பு விடும்.

ஐந்து, குழாய் வைத்ததாக வாங்குங்கள். குழாய் இருந்தால் ஒரு கையில் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பானட் இடுக்கில் குறி பார்த்து அடிக்கலாம்.

ஆறு, தயாரித்த தேதி, அடுத்த சோதனைத் தேதி, எவ்வளவு சூடு தாங்கும் என்பது எல்லாம் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் நிற்கிற வண்டிக்குச் சூடு தாங்குகிற அளவு முக்கியம்.

பழைய இரும்புக்கடையில் கிடைக்கிறது என்று யாராவது சிலிண்டர் கொண்டுவந்தால் தொடவேண்டாம். அந்தக் காலத்தில் வண்டிகளில் கார்பன் டெட்ரா குளோரைடு என்ற திரவம் நிரப்பிய பித்தளைப் பம்பு வைத்திருந்தார்கள். அது தீயில் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். அந்த மாதிரிச் சாமான் அலமாரியில் அழகுக்குக்கூட வேண்டாம்.

விலையைப் பற்றிச் சொல்வதானால், நல்ல 4 கிலோ சிலிண்டர் ஒன்று டிராக்டர் பின்டயர் ஒன்றின் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். கடன் போட்டு வாங்கின வண்டி எரிந்தாலும் தவணை எரியாதுங்க, அது மாசாமாசம் வந்துகொண்டே இருக்கும்.

எங்கே மாட்டுவது?

டிராக்டர் தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வோம்? குதித்து இறங்குவோம். இறங்குகிற கைக்கு எட்டுகிற இடத்தில் சிலிண்டர் இருக்க வேண்டும். ஏறி இறங்குகிற பக்கத்து மட்கார்டு அல்லது சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பி நல்ல இடம். இன்ஜின் பக்கத்தில் மாட்டினால் தீக்குள் கைவிட்டு எடுக்க முடியுமா? டூல்பாக்சில் பூட்டி வைத்தால் சாவி தேட நேரம் இருக்குமா?

கூடவே வருகிற மெல்லிய கொக்கி வீட்டுச் சுவருக்குத்தான். வண்டிக்கென்று இரும்புப் பட்டை இரண்டு சுற்றி, ஒரு இழுப்பில் கழலுகிற கிளாம்ப் உள்ள தாங்கி வாங்குங்கள். நட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். சிலிண்டருக்கும் தாங்கிக்கும் நடுவே பழைய ட்யூப் ரப்பர் ஒரு துண்டு வைத்தால் உராய்ந்து பெயிண்ட் போகாது, துரு ஏறாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும். நேர் வெயில் படாமல் கூரை நிழலில் இருக்கட்டும். உரமூட்டை, பூச்சிமருந்து ஏற்றுகிற இடத்தில் வைக்க வேண்டாம், சீக்கிரம் அரித்துவிடும்.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம்

வயல் வண்டியின் குலுக்கலில் பொடி அடியில் இறுகிப்போகும். மீட்டர் பச்சையைக் காட்டும், அழுத்தினால் காற்று மட்டும் வரும். அதனாலே மாதம் ஒருமுறை, சம்பளம் கொடுக்கிற நாள் என்று வைத்துக்குங்களேன், சிலிண்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தை உள்ளங்கையால் தட்டிக் குலுக்குங்கள். உள்ளே பொடி மாவு மாதிரி ஓடுவது கைக்குத் தெரியும்.

அப்போதே மீட்டர், பின், சீல், குழாய் எல்லாம் பாருங்கள். குழாய் நுனியில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும், சேறும் அப்பியிருக்கும். குச்சியால் எடுத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை நுனியில் ரப்பர் போட்டு மாட்டினால் போதும். அடிக்கும்போது அதுவே பறந்துவிடும். ‘வேலை செய்யுதா பார்ப்போம்’ என்று ஒரு வினாடிகூட அடித்துப் பார்க்கக் கூடாது. வால்வில் பொடி சிக்கி, மெல்ல மெல்ல அழுத்தம் முழுக்க இறங்கிவிடும். கொஞ்சம் அடித்தாலும் மறுபடி நிரப்பியாக வேண்டும். லேபிளில் சொன்ன தவணைப்படி அழுத்தச் சோதனையும் செய்து, தேதி எழுதி வாங்குங்கள்.

பற்றிக்கொண்டால் என்ன செய்வது?

புகை கண்டதும் முடிந்தால் வண்டியை நிற்கிற பயிர், வைக்கோல் போர் இவற்றைவிட்டு வெறும் தரைக்கு நகர்த்துங்கள். உடனே இன்ஜினை நிறுத்துங்கள். இன்ஜின் ஓடினால் விசிறி ஊதிக்கொடுக்கும், பம்பு எண்ணெய் ஊட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரி சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். இறங்குகிறபோதே சிலிண்டரை எடுங்கள். ஒரு ஆளை 101 அல்லது 112-க்குப் போன் போடச் சொல்லுங்கள். இடம் சொல்லும்போது ஊர், தெரு மட்டும் போதாது. எந்த ரோட்டில் எந்த மதகுப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லி, ரோட்டில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

காற்று உங்கள் முதுகில் படுகிற மாதிரி நில்லுங்கள். ஆறேழு அடி தள்ளி நின்று பின்னை உருவுங்கள். சுவாலையின் உச்சியில் அடிக்காமல் அடிவேரில் குறி வைத்து, கைப்பிடியை அழுத்தி, துடைப்பம் கூட்டுகிற மாதிரி இடமும் வலமும் வீசி அடியுங்கள். பானட்டை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ முகத்தில் அடிக்கும். கொஞ்சமாகத் தூக்கி இடுக்கு வழியாகவோ, முன்சல்லடை வழியாகவோ அடியுங்கள். அணைந்ததும் திரும்பி நடந்துவிடாமல், பார்த்தபடியே பின்னால் வாருங்கள். மறுபடி பற்றினால் மிச்சப் பொடி வேண்டும். பிறகு கிளறித் தண்ணீர் ஊற்றி, அரைமணி நேரமாவது ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும்.

ஒரு சிலிண்டர் முழுக்கத் தீர்ந்தும் தீ அடங்கவில்லையா? விட்டுவிடுங்கள். டயர் வெடிக்கும், டேங்க் பற்றும், ஹைட்ராலிக் குழாய் சீறும். வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டு, உங்கள் பெண்டாட்டி பிள்ளைக்கு நீங்கள்தான் உண்டு. இதை உங்கள் டிரைவருக்கும் வாயால் சொல்லிவையுங்கள். ‘முதலாளி வண்டியாச்சே’ என்று பயந்து தீக்குள் நிற்கிற பையன்கள் இருக்கிறார்கள். ‘வண்டி போனாலும் நீ வந்துரு’ என்று முன்கூட்டியே சொன்னால்தான் அவன் விலகுவான்.

சிலிண்டரால் ஆகாத தீ ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிரெய்லரில் உயரமாக வைக்கோல் ஏற்றிப்போய், தாழ்ந்த மின்கம்பியில் உரசிப் பற்றுவதை நாம் கேள்விப்படுகிறோம். பாரத்துக்குள் இறங்கிய தீயைப் பொடி தொடாது. கம்பி வண்டிமேல் கிடந்தால் யாரும் கிட்டே போகக் கூடாது. டிரைவர் இறங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலை அகட்டாமல் சின்னச் சின்ன அடியாக நகர்ந்து போக வேண்டும். மின்வாரியம் லைனை நிறுத்தியது தெரிந்த பிறகுதான் தண்ணீர். இதற்குச் சரியான மருந்து, பாரத்தின் உயரத்தைக் குறைப்பதுதான்.

தீ அணைந்தபின் பொடியை அப்படியே விடக் கூடாது. ஈரம் பட்டால் உரம் இரும்பை அரிப்பது போல இதுவும் அரிக்கும். வண்டி ஆறினதும் ஊதி, துடைத்து, கழுவி, ஏர்பில்டரையும் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வாடகை மிஷின் வருகிறபோது

நம்மில் பலருக்குச் சொந்த அறுவடை மிஷின் கிடையாது. பெல்ட் வண்டியோ டயர் வண்டியோ மணிக்கணக்கில் வாடகைக்கு வருகிறது. மிஷின் அவருடையது, பயிர் உங்களுடையது. தீப்பிடித்தால் உங்கள் வயலோடு பக்கத்து வயலும் போகும். அதனாலே வாடகை பேசும்போதே, ‘சிலிண்டர் இருக்குதா? எங்கே மாட்டியிருக்கு? முள் பச்சையிலே நிக்குதா?’ என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஊருக்கு வரும்போது சிலிண்டரோடுதான் வருவார். மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்துகிறபோது இன்ஜின் மேலிருக்கிற சுணையைத் துடைப்பத்தால் தள்ளச் சொல்லுங்கள். சாயங்காலமும் அப்படியே. தீயே வராமல் தடுப்பது அந்தத் துடைப்பம்தான், சிலிண்டர் அதற்கு அடுத்தபடி.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் நடக்கிறது. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப்பொதியும் வெடிமருந்தும் ஏற்றி வந்த கப்பலில் தீப்பிடித்து வெடித்தது. தீயணைக்கப் போன வீரர்கள் 66 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம். அந்தச் சமயத்தில் தீயணைப்பு நிலையத்தார் செயல்முறை விளக்கம் நடத்துவார்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தின் மூலம் கேட்டுப் பாருங்கள். உங்கள் டிரைவரும், வீட்டுப் பெண்களும், வளர்ந்த பிள்ளைகளும் ஒருமுறையாவது கையில் பிடித்து அடித்துப் பழகட்டும். தவணை முடிந்து நிரப்பப் போகிற பழைய சிலிண்டர் இருந்தால், அதை அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால், வயல் வண்டிக்கு ஏ.பி.சி. பொடி வகை. டிராக்டருக்கு 2 கிலோவுக்குக் குறையாமல், முடிந்தால் 4 கிலோ. அறுவடை மிஷினுக்கு 6 கிலோவும் கூடவே தண்ணீரும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, உலோக வால்வு, பச்சையில் முள். இறங்குகிற கைக்கு எட்டுகிற இடம். மாதம் ஒரு குலுக்கல். அடங்காவிட்டால் உயிரோடு விலகல்.

அடுத்த அறுவடைக்கு மிஷின் வயலில் இறங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.